அடைப்புச் சுவரும் ஐயாசாமியின் அபிப்பிராயமும்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் பதினாறு வருடம் வாடகை நூலகம் நடத்தினேன். அந்தப் பதினாறு வருடத்தில் எனக்குச் சுத்தமாக ஆகாதவர்கள், புத்தகத்தில் கிறுக்குகிறவர்கள். அட்டைப்படப் பெண்ணுக்கு மீசை வரைந்தவர், முப்பதாம் பக்கத்திலேயே ‘கொலைகாரி நர்ஸ்தான்’ என்று எழுதித் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொண்டவர், எல்லாரையும் முகத்துக்கு நேராகத் திட்டி உறுப்பினர் அட்டையைப் பிடுங்கியிருக்கிறேன். முகமது யூசுப் பாய் என்கிற நான் சிடுமூஞ்சி என்று பேர் வாங்கியது அப்படித்தான். ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைத்தேன். அவர் ஐயாசாமி கொத்தனார்.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். கண் இமையில்கூட எப்போதும் சிமெண்டுத் தூசி படிந்திருக்கும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வந்ததும் நேராகப் புத்தக அலமாரிக்குப் போகமாட்டார். கடைக்கு வெளியே இருந்த குழாயில் முழங்கை வரை கழுவி, வேட்டியில் துடைத்து, இரண்டு கையையும் என்னிடம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். அந்த மரியாதைக்காகவே அவரிடம் எனக்குக் கொஞ்சம் பணிவு வந்துவிட்டது.

படிப்பதெல்லாம் துப்பறியும் நாவல். படித்து முடித்ததும் பின்னட்டையின் உள்பக்கம், சுவரில் குறி வைக்கிற தடித்த சிவப்புப் பென்சிலால், ‘அபிப்பிராயம்’ என்று தலைப்புப் போட்டு எழுதுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. படித்ததும் சிரித்துவிட்டேன். ‘கொலைகாரன் ஒன்பது அங்குலச் சுவருக்குள் ஒளிந்திருந்தான் என்கிறார். ஒன்பது அங்குலத்தில் எலிதான் ஒளியும்.’ இன்னொன்றில், ‘பிணத்தைப் புதைத்து மேலே சிமெண்டுத் தரை போட்டு மறுநாளே விருந்து வைக்கிறார்கள். தரை இறுகத் தண்ணீர் கட்டியது யார்?’ கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்கள், “கொத்தனார் எழுதினது இருக்குங்களா?” என்று கேட்டு வாங்கிப்போக ஆரம்பித்தார்கள். நாவலை எழுதியவரைவிட அபிப்பிராயம் எழுதியவருக்கு என் கடையில் மவுசு.

தொண்ணூற்று நான்கில் அந்தப் பூட்டிய அறை நாவல் வந்தது. பெயர் வேண்டாம், எழுதியவரைச் சங்கடப்படுத்துவானேன். ஊட்டியில் ஒரு பங்களா. முதலாளி தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. சற்று நேரத்தில் ஒரு அலறல், பிறகு சுவரில் டொக், டொக் என்று தட்டும் சத்தம். அந்த அறையில்தான் அவருடைய முதல் மனைவி தூக்கு மாட்டிக்கொண்டாள். அவள்தான் தட்டுகிறாள் என்று வீட்டிலிருந்த ஏழு பேரும் வெளியே ஓடிப்போய்ப் புல்தரையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். மறுநாள் கதவை உடைத்தால் முதலாளி கத்திக்குத்துப் பட்டுச் செத்துக்கிடக்கிறார். தட்டியது அவரேதான். கத்தி எப்படி உள்ளே போனது என்று துப்பறிபவர் எண்பது பக்கம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் குடும்ப டாக்டரைப் பிடிக்கிறார். எனக்கு நாவல் பிடித்திருந்தது.

ஐயாசாமிக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக இரண்டு வரி எழுதுகிறவர் அன்றைக்கு அட்டை முழுக்க எழுதியிருந்தார். ‘கொலைகாரன் டாக்டர் இல்லை. தட்டும் சத்தம் கேட்டும் திறக்காமல் இருந்தவர்கள்தான் கொலைகாரர்கள். மொத்தம் ஏழு பேர். சுவரில் ஒரு செங்கல்லை எடுத்திருந்தால் ஆள் பிழைத்திருப்பார். கத்தி எப்படிப் போனால் என்ன? இப்படிக்கு ஐயாசாமி, கொத்தனார்.’

எனக்குச் சீண்டிப் பார்க்க ஆசை வந்தது. “ஏன் மேஸ்திரி, பாவம், பேய்னு பயந்துட்டாங்க. அவங்களப் போயி கொலகாரங்கன்னா எப்படி? நீங்களா இருந்தா தெறந்திருப்பீங்களாக்கும்?” என்றேன்.

“தெறக்காம? ஒரே ஒரு கல்லுங்க பாய். அத எடுத்தா உள்ள இருக்கறது பேயா மனுசனான்னு தெரிஞ்சுபோகுமில்லீங்களா?” என்றார். அவர் அவ்வளவு கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சுவரைத் திறப்பதும் அடைப்பதும் அவருக்கு வெறும் கட்டட வேலை அல்ல. பல்லடம் சாலையில் உள்ள ஊர்களில் அவரை இன்னொரு காரியத்துக்கும் கூப்பிடுவார்கள். ஆகாத நட்சத்திரத்தில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீட்டுக்கு அடைப்பு. சில குடும்பங்களில் பிணத்தை வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள். பின்சுவரில் ஒரு பொந்து இடித்து அந்த வழியாக எடுப்பார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் கொத்தனார் அந்தப் பொந்தை அடைத்துவிட வேண்டும். அறைக் கதவைப் பூட்டி முள் வைத்து, அவிட்டத்தில் இறந்தவர் என்றால் ஆறு மாதம் திறக்கக் கூடாது. முன்னால் திறந்தால் அந்த வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்பது நம்பிக்கை. கடைசிக் கல்லை வைக்கும்போது ஐயாசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைப்பாராம். அறைக்குள் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் ‘வாரேன்’ என்று சொல்லாமல் நடையைக் கட்ட வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அந்த அபிப்பிராயம் எழுதி மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அவர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் மொட்டை போட்டிருந்தார். முந்தைய நாள் இறந்துபோன லட்சுமணசாமி என்ற விசைத்தறிக்காரரின் இளைய மகன் அழகிரிசாமி அவர். சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுச் சுவரை அடைத்துவிட்டு வந்தவர் நம் ஐயாசாமி.

“ஐயாசாமி, நேத்து பொழுது சாய வெளக்கு வெக்கற நேரத்துல இருந்து உள்ள தட்டற சத்தம் கேக்குது,” என்றார் அழகிரிசாமி. குரல் அடங்கித்தான் வந்தது. “எங்கையன் வாதத்துல படுத்தப்பொறம் பேச்சு நின்னுபோச்சில்ல. ஆரையாச்சும் கூப்புடோணும்னா கைத்தடியில சுவத்த மூணு தட்டுத் தட்டுவாரு. அதே மாதிரி மூணு. நடுநடுவுல மொனகலும் கேக்குது. நாங்கெல்லாம் தறிக்குடோன்லதான் இருக்கறோம். நாளைக்கு வந்து அந்தச் சுவத்துமேல இன்னும் கெட்டியாக் கலவை வெச்சுப் பூசிப்போடு. ஐயன் வெளிய வந்துடுவாரோன்னு அண்ணன் பயப்படறாரு.”

ஐயாசாமி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று காத்திருப்பது போலிருந்தது. “பெரிய எடம், சொன்னத செஞ்சு குடுத்துருங்க மேஸ்திரி. நமக்கெதுக்கு வம்பு?” என்றேன். அவர் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். கடையில் யாரும் இல்லை. ஐயாசாமி உள்ளே வந்தார். கையில் கரண்டிப் பை, கையெல்லாம் ஈரச் சிமெண்டு. கழுவவில்லை. குழாய்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அலமாரியில் நேராக அந்த ஊட்டி நாவலைத் தேடி எடுத்துப் பின்னட்டையைப் பிரித்தார். அவர் கட்டைவிரல் பட்ட இடத்தில் சாம்பல் நிறத்தில் அச்சு விழுந்தது. நான் திட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் திட்டத் தோன்றவில்லை.

தான் எழுதியதை உதடு அசையப் படித்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

“பாய், அது பெரியவரு இல்லீங்க,” என்றார்.

“எது?”

“தட்டறது. காலையில நான் போயி கலவை போடறப்ப மறுபடி கேட்டுதுங்க. நான் அடச்ச பொந்துல, கீழ்வரியில ஒரு கல்லத் தட்டுது. அப்பறம் பக்கத்துக் கல்லு. அப்பறம் மேல் கல்லு. எந்த எடத்துல கலவை இன்னும் காயாம இருக்குதுன்னு தேடித் தேடித் தட்டுதுங்க. செத்தவருக்கு அது எதுக்குங்க? அவருக்குக் கல்லும் காத்தும் ஒண்ணுதான? உள்ள உசுரோட ஒரு ஆளு இருக்குதுங்க.”

“தெரிஞ்சும் என்ன மேஸ்திரி பண்ணுனீங்க?”

“பூசிப்போட்டனுங்க.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “பெரியவரு மகனுங்க ரண்டு பேரும் பக்கத்துலயே நின்னாங்க. எங்கய்யன் காலமெல்லாம் அவங்க பண்ணையத்துல கெடந்தவரு. அந்த ஊட்டு ஆளுங்க முன்னால நான் இதுவரைக்கும் ஒரு வார்த்த மாத்திச் சொன்னதில்ல. வாய் வரலீங்க. கை பாட்டுக்குப் பூசிப்போட்டுது. பஸ்ஸு ஏறி இருகூர் தாண்டற வரைக்கும் பேய்தான் பேய்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டு வந்தனுங்க.”

அவர் எழுந்தார். திரும்பப் போகிறார் என்று தெரிந்தது. நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். வியாபார நேரத்தில் நான் கடையைப் பூட்டியது என் மகள் அஃப்ரா பிறந்த அன்றைக்கு அப்புறம் அன்றுதான். தைரியத்தில் போனேன் என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை ‘நமக்கெதுக்கு’ என்று சொன்ன வாய் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் போய் இறங்கும்போது மணி நான்கு. ஊர் முழுக்கத் தறிச் சத்தம், அந்த வீட்டில் மட்டும் ஒன்றும் இல்லை. முன்கதவிலும் பூட்டு, குறுக்கே வேலா முள். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பின்சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஈரப் பூச்சு மட்டும் கறுத்துத் தெரிந்தது. தறிக்குடோனிலிருந்து மூத்த மகன் சென்னகிருஷ்ணன் வந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

“உன்ர வேல நல்ல வேல ஐயாசாமி. நீ பூசிப்போட்டுப் போனதுல இருந்து சத்தமே இல்ல. ஐயன் அடங்கிட்டாரு,” என்றார்.

ஐயாசாமி சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கரண்டியின் பிடியால் மூன்று தட்டுத் தட்டினார். காதைச் சுவரில் வைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மூன்று. எனக்கு என் மூச்சே பெரிய சத்தமாகக் கேட்டது. மூன்றாம் முறை தட்டிவிட்டுக் காத்திருந்தபோது, தரையை ஒட்டி, மிக மெதுவாக, ஒரே ஒரு தட்டு கேட்டது.

அவர் பையிலிருந்து உளியை எடுத்தார்.

“ஏய், என்ன பண்றே? ஆறு மாசத்துக்குள்ள தெறந்தா இந்த ஊட்டுல இன்னொரு உசுரு போகும். அந்தப் பழி உன்ர தலையிலதான் விழும், சொல்லிப்போட்டேன்,” என்று சென்னகிருஷ்ணன் கத்தினார். குடோனிலிருந்து ஆண்களும் பெண்களுமாக ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள்.

“போச்சுன்னா எம்மேலயே போட்டுக்குங்க சாமி,” என்றார் ஐயாசாமி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காயாத பூச்சு பொத்தென்று விழுந்தது. இரண்டாவது வரியில் ஒரு கல்லை நெம்பி உருவினார். உள்ளே இருட்டு. மூத்திர வாடையும் பழைய விபூதி வாடையும் சேர்ந்து அடித்தது.

அந்தப் பொந்து வழியாக ஒரு கைத்தடி வெளியே வந்தது.

முனையில் பித்தளைப் பூண் போட்ட தடி. லட்சுமணசாமியின் தடி என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அது ஒரு சாண் நீண்டு, வெயிலில் நடுங்கிக்கொண்டு நின்றது. “ஐயோ, ஐயன்!” என்று யாரோ அலற, மொத்தக் கூட்டமும் சிதறி ஓடியது. மறைத்து என்ன, நானும் ஓடினேன். கிணற்று மேட்டுக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன்.

ஐயாசாமி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் கை மெல்ல நீண்டு தடியின் முனையைப் பிடித்தது. உள்ளிருந்து அது லேசாக இழுக்கப்பட்டது. அவர் விடவில்லை. ஒரு கையால் தடியைப் பிடித்தபடி மறுகையால் கல்லைப் பெயர்த்துக்கொண்டே, “வாரேன், இதா வாரேன், வாரேன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இழவு வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தையை அவர் எத்தனை முறை சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.

உள்ளே இருந்தது மயிலாத்தாள். இறந்தவரின் தங்கை. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. சின்ன வயதில் தாலி அறுத்து அண்ணன் வீட்டோடு வந்து இருந்தவர். அண்ணன் படுத்த நாளிலிருந்து அதே அறையில் சுவரில் முதுகை ஒட்டித்தான் படுப்பாராம். அண்ணன் தடியால் தட்டினால் அந்த அதிர்வு முதுகில் தெரியும், எழுந்துகொள்வார். நான்கு ராத்திரி கண் விழித்தவர், பிணத்தைக் குளிப்பாட்ட எல்லாரும் முன்கூடத்துக்குக் கொண்டுபோன நேரத்தில், நூல் மூட்டைகளுக்குப் பின்னால், சுவரில் முதுகு படாமல் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒப்பாரியும் பறையும் சுவர் இடித்ததும் அடைத்ததும் அவர் காதுக்கு எட்டவில்லை. எழுந்தபோது இருட்டு. அண்ணன் கட்டிலடியில் இருந்த ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு நாளைத் தள்ளியிருக்கிறார்.

“அத்த சென்னிமலை ஒறம்பரைக கூட வேன்ல போயிட்டாங்கன்னல்ல நெனச்சோம்!” என்று மூத்த மருமகள் பழனியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். சென்னிமலைச் சொந்தக்காரர்கள் அவர் இங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். மயிலாத்தாள் எங்கே என்று இரண்டு நாளாக யாருமே யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டைப் பற்றி எனக்கு இப்போதும் ஆறாத கோபம் அதுதான்.

வெளியே தூக்கிக் கிடத்தி, துணியை நனைத்து வாயில் பிழிந்தார்கள். மயிலாத்தாள் கண்ணைத் திறந்தார். அவருடைய வலது கை தடியை விட்டுவிட்டது, ஐயாசாமியின் மணிக்கட்டை மட்டும் விடவே இல்லை. அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையை என்னால் நன்றி என்று சொல்ல முடியவில்லை. காலையில் ஈரக் கலவையை மேலும் மேலும் அப்பியது இதே கைதான் என்று தெரிந்த பார்வை மாதிரி எனக்குப் பட்டது. தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் ஐயாசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

மயிலாத்தாள் பிழைத்தார். சென்னிமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஏழெட்டு வருடம் நன்றாக இருந்தார். அந்தச் சுவரை வேறு கொத்தனாரை வைத்து மறுபடி அடைத்து, ஆறு மாதத்தை முதலிலிருந்து எண்ணினார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் ஐயாசாமிக்கு அந்த வேலை படிப்படியாக நின்றுபோனது. அடைப்புக்குக் கூப்பிட்டால், அவர் கடைசிக் கல்லை முகம் திருப்பிக்கொண்டு வைக்க மறுத்தார். அறைக்குள் இறங்கி மூலை மூலையாகக் கையால் தடவிப் பார்ப்பார். வெளியே வந்து சுவரை மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காதை ஒட்டிவைத்துக் காத்திருப்பார். செத்தவரைக் கூப்பிட்டு எழுப்புகிறார் என்று சனங்கள் பயந்தார்கள். பட்டப்பகலில் காலியான ஒரு அறையைத் தட்டிவிட்டு ஒருவர் பதிலுக்குக் காத்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

என் கடைக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். கை கழுவி, காட்டி, புத்தகம் எடுத்துப் போவார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு அபிப்பிராயமும் எழுதவில்லை. “என்ன மேஸ்திரி, பென்சில் தொலைஞ்சுபோச்சா?” என்று ஒருமுறை கேட்டேன். “எழுத நமக்கென்னங்க பாய் தகுதி?” என்றார். நான் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தொண்ணூற்று எட்டில் பொள்ளாச்சியில் மகள் வீட்டோடு போய்த் தங்கிவிட்டார். அடுத்த வருடமே மாரடைப்பில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கேபிள் டிவி வந்து கடையை மூடியபோது புத்தகங்களை மூட்டை கட்டினேன். அந்த ஊட்டி நாவல் கையில் வந்தது. பின்னட்டையைப் பிரித்தேன். சிமெண்டுக் கட்டைவிரல் அச்சு அப்படியே இருந்தது. அதற்கு மேலே, ‘மொத்தம் ஏழு பேர்’ என்ற இடத்தில் ஏழை அடித்துவிட்டு, அதே சிவப்புப் பென்சிலால் ‘எட்டு’ என்று எழுதியிருந்தார்.

அந்தப் புத்தகத்தை நான் விற்கவில்லை. இப்போதும் பக்கத்து வீட்டில் யாராவது ஆணி அடித்தால் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். என் மனைவி உம்மல் குல்சும் கேலி செய்கிறாள். எட்டும் தப்பு என்று அவளிடம் நான் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, உள்ளே தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று அழகிரிசாமி சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஐயாசாமி என் முகத்தைப் பார்த்தார். நான் ‘நமக்கெதுக்கு’ என்று சொல்லிவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பிப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தேன்.